ஈரத்துக்கு வழிவிடும் சுவர்

ஒரு செங்கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பது கட்டட வேலை பார்த்த எவருக்கும் தெரியும். புசுபுசுவென்று குமிழிகள் கிளம்பும். கல்லுக்குள் இருந்த காற்று வெளியேற, அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும். எடுத்துத் தூக்கிப் பார்த்தால் கல் கனத்திருக்கும். கையால் அறுத்துச் சூளையில் சுட்ட செங்கல்லின் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்கு வெறும் துளைகள்தான்.

இப்படித் தண்ணீர் குடிக்கும் பொருளை நேராகத் தண்ணீருக்குள்ளேயே நிறுத்தி ஒரு மாளிகை கட்டினால் எத்தனை காலம் தாங்கும்? இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில், ஆக்ஸ்பரோ என்ற சிற்றூரில் இதற்கு விடை இருக்கிறது. ஆக்ஸ்பர்க் ஹால் என்ற அந்த மாளிகையைச் சுற்றி நாற்புறமும் அகழி. வாயில் பக்கம் நின்று பார்த்தால், நடுவில் கரை எதுவும் இல்லாமல், செந்நிறச் சுவர் நீரிலிருந்து நேரே எழுவது தெரியும். எட்மண்ட் பெடிங்ஃபீல்டு என்ற பிரபு கொத்தளம் வைத்து வீடு கட்டிக்கொள்ள அரசர் நான்காம் எட்வர்டு 1482-இல் அனுமதி கொடுத்தார். அன்றைய வாயில் கோபுரம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

ஈரம் படாமல் தப்பித்த சுவர் என்று இதைச் சொல்ல முடியாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நாள்தோறும் நனைந்துகொண்டும் உலர்ந்துகொண்டும் இருக்கிறது. நனைவதும் உலர்வதும் தடையின்றி நடக்கும்படி அதைக் கட்டியவர்கள் கட்டினார்கள் என்பதே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கல் கிடைக்காத ஊர்

நார்ஃபோக்கின் அடிநிலம் சாக் எனப்படும் மென்மையான வெண்சுண்ணப் பாறை. அதன்மேல் பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் இழுத்துவந்து கொட்டிய களிமண் படிந்து கிடக்கிறது. சுண்ணப் பாறைக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் ஏராளம். கட்டடத்துக்கு உகந்த நல்ல கல் மட்டும் இல்லை. சிக்கிமுக்கிக் கல்லை வைத்துச் சுவர் எழுப்பலாம். ஆனால் மூலை திருப்பவும் ஜன்னலுக்குச் சட்டம் வைக்கவும் சதுரமாக வெட்டிய கல் வேண்டும். அது வெளியூரிலிருந்து படகில் வந்தாக வேண்டும்.

செங்கல் இங்கிலாந்துக்கு ரோமானியர் கொண்டுவந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அவர்களுடைய ஆட்சி முடிந்தபின் அந்தத் தொழிலே மறந்துபோனது. அடுத்து வந்த தலைமுறைகள் ரோமானிய இடிபாடுகளிலிருந்து செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் பயன்படுத்தின. 11-ஆம் நூற்றாண்டில் எழுந்த செயின்ட் ஆல்பன்ஸ் மடாலயத்தின் கோபுரம் அப்படிப் பெயர்த்த ரோமானியச் செங்கல்லால் ஆனது. கடலுக்கு அப்பால் ஃபிளாண்டர்ஸ் நாட்டில் செங்கல் தொழில் செழித்திருந்தது. அந்தத் தொடர்பால் கிழக்கு இங்கிலாந்தில் சூளைகள் மறுபடி புகையத் தொடங்கின. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சஃபோக்கில் எழுந்த லிட்டில் வென்ஹம் ஹால் அந்த மறுபிறப்பின் தொடக்ககாலச் சான்று.

15-ஆம் நூற்றாண்டில் செங்கல் பெரிய மனிதர்களின் விருப்பமாகிவிட்டது. 1430-களில் சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் நார்ஃபோக்கில் கேஸ்டர் கோட்டையைச் செங்கல்லால் கட்டத் தொடங்கினார். அரசின் பொருளாளராக இருந்த ரால்ஃப் குரோம்வெல் லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோபுரத்தை எழுப்பினார். தெற்கே சசெக்ஸில் ஹர்ஸ்ட்மான்சோ மாளிகை வந்தது. பெடிங்ஃபீல்டு கட்டும்போது அவர் முன்னால் அரை நூற்றாண்டு அனுபவம் இருந்தது.

அவர் கட்டியது நடுவே முற்றம் விட்ட சதுர மாளிகை. வடக்கே வாயில் கோபுரம் சுமார் 24 மீட்டர் உயரம். அதன் இருபுறமும் எண்கோண வடிவில் இரண்டு தூண்கோபுரங்கள், அடுக்கடுக்காக ஏழு நிலைகள். உச்சியில் கொத்தளப் பற்கள். வாயிலுக்கு மேலே, எதிரியின் தலைமீது கல்லைத் தள்ளுவதற்கான துருத்திய அமைப்பு. இத்தனைக்கும் நடுவே அகலமான ஜன்னல்கள் வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்கு முன்னால் இந்தக் கோபுரம் நிற்காது என்பது கட்டியவருக்கே தெரியும். அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்கள் இன்னும் ஓயாத காலம் அது. கோட்டையின் தோற்றமும் வீட்டின் வசதியும் ஒரே கட்டடத்தில் வேண்டியிருந்தன. 1487-இல் ஏழாம் ஹென்றி இங்கே வந்து தங்கினார். வாயிலுக்கு மேலுள்ள பெரிய அறைக்கு இன்றும் அரசர் அறை என்றே பெயர்.

சூளைக்குள் நடப்பது

அந்நாளில் பெரிய செங்கல் கட்டடத்துக்கான கல்லை முடிந்தவரை பக்கத்திலேயே சுட்டார்கள். செங்கல்லை வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோவது செலவு பிடித்த காரியம். இலையுதிர்காலத்தில் களிமண் தோண்டிக் குவிப்பார்கள். குளிர்காலம் முழுவதும் அது வெட்டவெளியில் கிடக்கும். மண்ணுக்குள் இருக்கும் நீர் உறையும்போது கனஅளவில் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. உறைந்தும் உருகியும் கட்டிகள் தாமாகவே உடைந்து பொடியாகும். வசந்தத்தில் மிதித்துப் பிசைந்து மர அச்சில் அறுத்து, பச்சைக்கல்லை வாரக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். பிறகு விறகோடு சேர்த்து அடுக்கி நெருப்பு வைப்பார்கள்.

சூளை சூடேறும்போது முதலில் துளைகளில் இருக்கும் ஈரம் ஆவியாகிறது. 450 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் களிமண் கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. இதுதான் திரும்பி வர முடியாத கட்டம். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடி களிமண் ஆக்கலாம். இதைக் கடந்தால் முடியாது. 573 டிகிரியில், மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் தன் படிக வடிவை மாற்றிக்கொண்டு சட்டென்று விரிகிறது. சூடேறும்போதும் ஆறும்போதும் இந்தப் புள்ளியை வேகமாகக் கடந்தால் கல் விரிசல் விடும். அதனால்தான் சூளையை நாள்கணக்கில் மெல்ல எரித்து, நாள்கணக்கில் மெல்ல ஆறவிட்டார்கள். 900 டிகிரிக்கு மேல் துகள்களின் விளிம்புகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடைவெளிகள் சிறுத்தாலும் அடைவதில்லை. கல்லுக்குள் துளைகள் மிஞ்சுவது இப்படித்தான்.

செங்கல்லின் சிவப்பு, மண்ணிலுள்ள இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஹெமடைட் ஆவதால் வருகிறது. நெருப்புக்கு மிக அருகில், ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் இருந்த கல் கருத்துவிடும். விறகுச் சாம்பலின் பொட்டாஷ் பட்ட பக்கம் உருகிக் கண்ணாடி போர்த்தியதாகப் பளபளக்கும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இந்தக் கருங்கற்களைக் கழித்துப் போடவில்லை. சிவப்புச் சுவரில் தலைப்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துச் சாய்சதுரக் கோலங்கள் போட்டார்கள். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைச் சுவரில் இன்றும் அதைக் காணலாம்.

சூளையின் வெளிவரிசையில் இருந்த கல் சரியாக வேகாமல் இளஞ்சிவப்பாக, மென்மையாக வரும். அது சுவரின் உட்புறத்துக்குப் போகும். நன்றாக வெந்தது வெளிமுகத்துக்கு. ஒரே சூளையில் வந்த கல்லைத் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கேட்டு, எது எங்கே போக வேண்டும் என்று தரம் பிரித்தார்கள். மழையும் உறைபனியும் நேரடியாகத் தாக்கும் இடத்தில் நன்கு வெந்த கல்லும், சுமை தாங்கினால் மட்டும் போதும் என்ற இடத்தில் அரைவேக்காடும் நிற்க, சுவர் மொத்தமாக ஒரு கணக்கோடு எழுந்தது.

அழுத்தத்தால் நிற்கும் படிக்கட்டு

செங்கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். செங்கல் கட்டடக் கலையின் எல்லா வடிவங்களும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன. வளைவு, குவிமாடம், துருத்து, தடித்த சுவர் எல்லாமே சுமையை அழுத்தமாக மாற்றித் தரைக்கு அனுப்பும் வழிகள்தாம்.

ஆங்கிலேயக் கொத்தனார்கள் அன்று பெரிதும் கையாண்ட அடுக்குமுறையை இன்றும் நம் பொறியாளர்கள் இங்கிலீஷ் பாண்டு என்றே சொல்கிறார்கள். ஒரு வரியில் எல்லாக் கற்களும் நீளவாட்டில். அடுத்த வரியில் எல்லாம் குறுக்குவாட்டில், தலை மட்டும் வெளியே தெரியும்படி. குறுக்குக்கல் சுவரின் வெளிமுகத்தையும் உட்புறத்தையும் ஒன்றாகக் கட்டிப் பிடிக்கிறது. ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் இணைப்புக்கு நேராக வராது. மேலே விழும் சுமை ஒரே கோட்டில் இறங்காமல் வரிக்கு வரி பரந்து இறங்கும். அடித்தளம் ஓரிடத்தில் சற்று அமுங்கினாலும் சுமை பக்கத்து வழியைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்ஸ்பர்க்கின் கொத்தனார்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதை வாயில் கோபுரத்தின் சுழல் படிக்கட்டு காட்டுகிறது. எண்கோணக் கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் இந்தப் படிக்கட்டில் படிகளைத் தாங்குவதும் செங்கல்லே. நடுத்தூணுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு வளைவுக் கூரை. அந்த வளைவே சுழன்றுகொண்டு மேலேறுகிறது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் மீது சாய்ந்து, சுமையில் ஒரு பகுதியை நடுத்தூணுக்கும் மறு பகுதியை வெளிச்சுவருக்கும் அனுப்புகிறது. வெளிச்சுவர் இந்தத் தள்ளலுக்கு விலகாமல் நிற்க வேண்டும். எண்கோணச் சுவரின் எட்டுப் பக்கமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பதால் அது நிற்கிறது.

ஏறும்போது கை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு கம்பி இல்லை. சுவருக்குள்ளேயே, கை நுழையும் ஆழத்துக்கு ஒரு குழி, படிகளோடு சேர்ந்து சுழன்று மேலே போகிறது. அதற்குள் உருட்டிச் செய்த செங்கல் கைப்பிடி. இதற்கான கற்களைச் சாதாரணச் செவ்வக அச்சில் அறுக்க முடியாது. தனி அச்சு செய்து அறுத்திருக்க வேண்டும். பச்சைக்கல் உலர்ந்தும் வெந்தும் முடியும்போது நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்தால்தான், மேலேறும் வளைவில் ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் முனையோடு பிசிறில்லாமல் பொருந்தும். வரைபடமும் கணக்கீட்டுக் கருவியும் இன்று செய்துதரும் வேலையை அந்தக் கைகள் அனுபவத்தில் செய்தன.

சுண்ணாம்பின் சுற்று

சுவரில் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது செங்கல். கற்களுக்கு இடையே வெளுத்துக் கிடக்கும் காரையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்தச் சுவரைக் காப்பாற்றியது அந்தக் காரைதான்.

சுண்ணப்பாறையைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு பிரிந்து போய்விடும். தூய்மையான பாறை 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்து, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு கலந்து கல்லுக்கு இடையே வைத்ததும், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணக்கல்லாகிறது. பாறையாகத் தொடங்கியது பாறையாகவே முடிகிறது. இந்த மாற்றம் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே மிக மெதுவாக நகரும். தடித்த சுவரின் நடுப்பகுதி முழுவதும் இறுகப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

இந்த மெத்தனமே சுவருக்கு நல்லதாய் முடிந்தது. புதிதாக எழுந்த கட்டடம் தன் எடையால் முதல் சில ஆண்டுகளில் மண்ணில் அமுங்கும். எல்லா இடமும் ஒரே அளவில் அமுங்காது. 24 மீட்டர் கோபுரம் பக்கத்து இருமாடிக் கட்டடத்தைவிட அதிகமாக இறங்கப் பார்க்கும். காரை இறுகாமல் நெகிழ்ச்சியோடு இருக்கும்வரை இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து அந்த இறக்கத்தை வாங்கிக்கொள்ளும். கல் உடையாது.

வெப்பத்தால் வரும் விரிவையும் பார்ப்போம். 50 மீட்டர் நீளமுள்ள செங்கல் சுவரில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் 30 டிகிரி வேறுபாடு என்றால், நீளம் சுமார் 8 மில்லிமீட்டர் மாறும். ஒரு வரியில் இருநூறுக்கு மேல் செங்குத்து இணைப்புகள் இருக்கும். அந்த 8 மில்லிமீட்டர் அத்தனைக்கும் பங்கிடப்பட்டால் ஓர் இணைப்பின் பங்கு 0.04 மில்லிமீட்டர். சுண்ணாம்புக் காரை அதை எளிதாகத் தாங்கும். சிமென்ட் வைத்துக் கட்டும் இன்றைய செங்கல் சுவர்களில் 10, 12 மீட்டருக்கு ஓர் இடைவெளி விட்டு, அதில் நெகிழும் பொருளை அடைக்கச் சொல்கிறார்கள். சிமென்டின் விறைப்பு அசைவைப் பங்கிட விடாது. எல்லா அசைவும் ஓரிடத்தில் திரண்டு விரிசலாக வெளிப்படும்.

சுண்ணாம்புக் காரைக்கு இன்னொரு திறமும் உண்டு. நுண்ணிய விரிசல் விழுந்தால், உள்ளே நுழையும் மழைநீர் இன்னும் இறுகாத சுண்ணாம்பைச் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. விரிசலில் நீர் ஆவியானதும் அந்தச் சுண்ணாம்பு அங்கேயே படிந்து இறுகுகிறது. வலிமையைச் சோதித்துப் பார்த்தால் சுண்ணாம்புக் காரை சிமென்ட் கலவையில் ஒரு சிறு பங்குதான் தேறும். ஐந்து நூற்றாண்டு அசைந்துகொண்டே நிற்க வேண்டிய சுவருக்கு அந்த மென்மை பெரும் பலமாக இருந்திருக்கிறது.

ஓதமும் உப்பும்

இப்போது அகழிக்கு வருவோம். நீரில் நிற்கும் சுவரில் ஓதம் ஏறும். குறுகிய துளையில் நீர் தானாக மேலேறுவதற்கு மேற்பரப்பு இழுவிசை காரணம். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளையில், கோட்பாட்டின்படி, நீர் சுமார் 15 மீட்டர் ஏறலாம். செங்கல்லின் துளைகள் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கின்றன. இந்தக் கணக்குப்படி கோபுரத்தின் பாதிக்கு மேல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். நிஜத்தில் பழைய சுவர்களில் ஓதம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடுகிறது.

நிறுத்துவது ஆவியாதல். மண்பானையில் நடப்பதே இங்கும் நடக்கிறது: உள்ளிருக்கும் நீர் சுட்ட மண்ணின் துளைகள் வழியே வெளிமுகத்துக்குக் கசிந்து காற்றில் கலந்துவிடுகிறது. சுவரின் அடியில் நீர் நுழைகிறது. நுழைந்தது மேலே ஏறும் வழியிலேயே முகப்பின் வழியாக வெளியேறுகிறது. நுழைவும் வெளியேற்றமும் சமமாகும் உயரத்தில் ஓதம் நிற்கிறது. வெளியேறும் வழி தாராளமாக இருந்தால் அந்த உயரம் தாழ்ந்திருக்கும். வழியைச் சுருக்கினால் ஓதம் மேலே ஏறி வேறு வழி தேடும்.

செங்கல்லைவிடச் சுண்ணாம்புக் காரை நீரை எளிதாக வெளியே விடும். அதனால் சுவரின் ஈரம் பெரும்பாலும் இணைப்புகள் வழியே வெளியேறுகிறது. நீரோடு கரைந்து வரும் உப்புகளும் அங்கேயே வந்து சேர்கின்றன. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகிறது. முகத்தில் படிகமானால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மழையில் கழுவிப் போய்விடும். சுவருக்குக் கெடுதல் இல்லை. முகத்துக்குச் சற்று உள்ளே, துளைக்குள் படிகமானால்தான் ஆபத்து. வளரும் படிகம் துளைச் சுவரை நெட்டித் தள்ளும். சோடியம் சல்ஃபேட் போன்ற உப்புகள் ஈரத்துக்கும் உலர்வுக்கும் ஏற்ப நீரை ஏற்றியும் இறக்கியும் வடிவம் மாறி, இந்த நெட்டுதலை மறுபடி மறுபடி செய்யும். கடைசியில் செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும்.

உப்பு எங்கே வேலை செய்யும் என்பதை இணைப்பு தீர்மானிக்கிறது. இணைப்பு மென்மையாகவும் துளைகளோடும் இருந்தால் உப்பும் உறைபனியும் காரையைத் தின்னும். நூறாண்டுக்கு ஒருமுறை அரித்துப்போன காரையைச் சுரண்டியெடுத்துப் புதுக் காரை பூசினால் போதும். செங்கல் அப்படியே இருக்கும். செங்கல்லுக்குப் பதிலாகக் காரை தேய்கிறது.

1824-இல் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த நூறாண்டில் அது உலகைப் பிடித்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்தவர்களும், வலுவான பொருள் நல்லதையே செய்யும் என்ற நம்பிக்கையில், தேய்ந்த சுண்ணாம்பு இணைப்புகளில் சிமென்ட் பாயிண்டிங் செய்தார்கள். சிமென்ட் நீரை எளிதில் விடாது. இணைப்பு வழியே போய்க்கொண்டிருந்த ஈரம் செங்கல்லுக்குள் திரும்பியது; உப்பும் அதோடு திரும்பியது. சில குளிர்காலங்களில் செங்கல்லின் முகங்கள் உதிர, நடுவே சிமென்ட் கோடுகள் மட்டும் வலைப்பின்னலாகத் துருத்தி நிற்கும் சுவர்களை இங்கிலாந்தின் பல ஊர்களில் காணலாம். சுவரைக் காக்க வந்த பழுதுபார்ப்பே சுவரைத் தின்ற கதை அது.

அகழிச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள பட்டைதான் மிகவும் துன்பப்படுவது. நீருக்குள் இருக்கும் பகுதி எப்போதும் நனைந்தே இருப்பதால் அங்கே ஆவியாதல் இல்லை. உப்பு படிகமாக வழியில்லை. ஓதம் எட்டாத மேற்பகுதி உலர்ந்திருக்கிறது. நடுப்பட்டையில் மட்டும் நனைவும் உலர்வும் உறைவும் மாறி மாறி வருகின்றன. நீரில் நிற்கும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் கண் வைக்க வேண்டிய இடம் அது.

வீட்டை உலர்த்திய நெருப்பு

வெளிமுகம் காற்றாலும் வெயிலாலும் உலர்கிறது. உட்புறத்தை உலர்த்தியவை கணப்பு அடுப்புகள். பத்து டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.25 கிலோ, நூறு டிகிரியில் 0.95 கிலோ. 15 மீட்டர் உயரப் புகைபோக்கியில் சூடான காற்று நிரம்பினால், இந்த எடை வேறுபாட்டால் அடியில் சுமார் 44 பாஸ்கல் இழுவை உண்டாகும். காற்றழுத்தத்தில் இது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நாள் முழுவதும் அறையின் ஈரக் காற்றை இழுத்து வெளியே தள்ள இது போதும். அந்த இடத்துக்குக் கதவு ஜன்னல் இடுக்குகள் வழியே புதுக் காற்று வரும். புகைபோக்கி உயரமாக இருந்தால் இழுவையும் அதிகம். செங்கல் மாளிகைகளின் கூரையில் உயர்ந்து நிற்கும் அலங்காரப் புகைபோக்கிகளுக்குள் இந்த இயற்பியல் இருக்கிறது.

ஆக்ஸ்பர்க்கின் கூரைக் கோட்டை இன்று அழகு செய்யும் முறுக்கிய புகைபோக்கிகளில் பல 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1830-களிலிருந்து ஜே. சி. பக்ளர் என்ற கட்டடக் கலைஞர் மாளிகையைப் புதுப்பித்தபோது பழைய பாணியில் அமைத்தவை. அதற்கு முன்பே மாளிகை பெரும் இழப்பைக் கண்டிருந்தது. 1775-இல் தென்புறத்திலிருந்த பெருங்கூடம் இடிக்கப்பட்டு, மூடிய சதுரமாக இருந்த முற்றம் ஒரு பக்கம் திறந்துபோனது.

வீட்டுக்குள்ளே இன்னொரு செங்கல் வேலைப்பாடும் உண்டு. பெடிங்ஃபீல்டு குடும்பம் முதலாம் எலிசபெத்தின் காலத்திலும் கத்தோலிக்க மதத்தை விடவில்லை. கத்தோலிக்கப் பாதிரியாருக்கு இடம் கொடுப்பது உயிருக்கே உலை வைக்கும் குற்றமாக இருந்த நாளில், கோபுரத்தில் ஒரு சிறு கழிப்பறையின் தரைக்கடியில் ஒளிவிடம் அமைத்தார்கள். தரையில் பதித்த ஓட்டுக்கல்லோடு கல்லாகக் கதவும் பதிந்திருக்கும். மூடினால் கோடு தெரியாது. சுவர் அத்தனை தடிப்பாக இருந்ததால்தான் ஓர் ஆள் ஒடுங்கும் அறையை வெளியே தெரியாமல் அதற்குள் செதுக்க முடிந்தது.

சுண்ணாம்பு காத்த ஏடுகள்

1948-இல் பக்கத்திலுள்ள தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் சரிந்து தேவாலயக் கூடத்தின்மீது விழுந்தது. கூடம் அழிந்தது; ஒட்டியிருந்த பெடிங்ஃபீல்டு சிற்றாலயமும் அதிலிருந்த 1520-களின் சுடுமண் கல்லறைச் சிற்பங்களும் தப்பின. 1951-இல் மாளிகையே கைமாறி இடிபடும் நிலைக்கு வந்தது. குடும்பத்துப் பெண்கள் மூவர் தங்கள் வீடுகளை விற்று அதை மீட்டார்கள். 1952-இல் அது நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

2016-இல் கூரைச் சரிவிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல் ஒன்று முற்றத்தில் இடிந்து விழுந்தது. கூரையைச் சோதித்தபோது பழுது எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிந்து, 60 லட்சம் பவுண்டு செலவில் பெரும் மராமத்து தொடங்கியது. 2020-இல் மேல்மாடித் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, அடியில் நூற்றாண்டுகளாகக் குவிந்த தூசிக்குள் எலிக்கூடுகள் கிடைத்தன. எலிகள் இழுத்துவந்த துணித் துண்டுகள், கையெழுத்துத் தாள்கள், இசைக் குறிப்புத் துண்டுகள் அவற்றில் இருந்தன. கூரையோரத்து இடிபாட்டில் பொன்னும் நீலமும் தீட்டிய 15-ஆம் நூற்றாண்டுத் தோல் ஏடு ஒன்று கிடைத்தது. 1568-இல் அச்சான ஒரு விவிலியச் சங்கீதப் புத்தகம் கட்டுக் குலையாமல் கிடைத்தது.

தாளும் துணியும் அத்தனை காலம் மக்காமல் இருந்தது எப்படி? அகழி சூழ்ந்த, கூரை ஒழுகிய வீடு அது. தூசிக் குவியலைத் தொட்டுக்கொண்டிருந்த தடித்த சுண்ணாம்புப் பூச்சு, குவியலின் ஈரத்தை இழுத்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சுவரின் இணைப்புகளில் செய்த வேலையையே சுண்ணாம்பு தரைப்பலகைக்கு அடியிலும் செய்திருக்கிறது: ஈரத்தை வாங்கி, வெளியே விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வில்லியம் மாரிஸும் நண்பர்களும் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, பழைய கட்டடத்தைப் புதிதாக்கிக் காட்டும் ஆசையை விட்டு, அதன் இயல்போடு ஒத்துப்போகும் பழுதுபார்ப்பைக் கேட்டார்கள். அன்று அது ரசனை சார்ந்த கோரிக்கையாகத் தோன்றியிருக்கலாம். துளைகள், உப்புகள், உறைபனி ஆகியவற்றின் இயற்பியல் தெரிந்த இன்று அது பொறியியல் விதியாகிவிட்டது. பழுதுபார்க்கும் காரை, சுற்றியுள்ள செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். செங்கல்லைவிட எளிதாக நீரை விட வேண்டும்.

இந்த விதி புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும் பொருந்தும். சுண்ணாம்பில் கட்டிய செங்கல்லைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி வைக்கலாம். சிமென்டில் கட்டியதைப் பிரித்தால் கல் உடையும். ஒரு சுவரை நூறாண்டு கழித்தும் பழுதுபார்க்க முடிய வேண்டும், பிரித்தெடுத்து மறுபடி கட்ட முடிய வேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கினால், பொருளைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறும். எது மிக வலுவானது என்று கேட்பதற்கு முன்னால், எது முதலில் தேய வேண்டும், அதை மாற்றுவது எளிதா என்று கேட்க வேண்டும். ஆக்ஸ்பர்க்கின் கொத்தனார்களுக்கு வேதியியல் சமன்பாடுகள் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான விடையைச் சுவராகவே எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துப் பின்பற்ற வேண்டியது இனி நம் பொறுப்பு.